மதிக்காட்டுக் கறுப்பு மண்

பிப்ரவரி 3, திங்கள்

பெருமாவலசுக்கு மதியம் வந்து சேர்ந்தேன். தாராபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் ஓர் அறை, இரும்புக் கட்டில், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். போதும்.

முப்பத்தொரு வருடமாகத் தொல்லியல் துறையில் வரைவாளனாக இருக்கிறேன். அலுவலக நோட்டில் ஆழம், அகலம், மண்ணடுக்கின் எண் இவற்றைத் தவிர ஒரு வரி கூடுதலாக எழுதியதில்லை. வருகிற ஜூன் மாதம் ஓய்வு. இதுதான் கடைசி அகழாய்வு. அதனால் எனக்கென்று ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

ஊருக்கு வடக்கே ஆறு ஏக்கர் மேடு. அதன் பெயர் மதிக்காடு. நிலாவுக்கும் இந்தக் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வேலைக்கு வந்த ஓர் அம்மாளிடம் கேட்டேன். "அதென்னமோங்க, எங்க அப்பாரு காலத்துலிருந்தே மதிக்காடுதானுங்க" என்றார். இயக்குநர் தமயந்தி மேடம் சிரித்துக்கொண்டே, "மதில் காடு, சார். மதில் இருந்த காடு. பேரு இருக்கு, மதில் எங்கன்னு நாமதான் தேடணும்" என்றார். நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருப்பார். மண்ணில் மண்டியிட்டு வேலை செய்கிறவர். எனக்குப் பிடித்தது.

பிப்ரவரி 6

முதல் குழி மூன்றடி இறங்கிவிட்டது. என் வேலை தொடங்கியது.

குழியின் செங்குத்தான பக்கத்தை, அதாவது வெட்டுமுகத்தை, சுத்தமாகச் சீவி, இரண்டு ஆணி அடித்து, மட்டத்துக்கு ஒரு நூல் கட்டுவோம். நூலிலிருந்து மேலும் கீழும் அளந்து, மண்ணின் நிறம் மாறுகிற ஒவ்வோர் இடத்தையும் கிராஃப் தாளில் குறிக்க வேண்டும். மேல் அடுக்கு புதியது, கீழ் அடுக்கு பழையது. அகழாய்வு என்பது ஒருவகையில் அழிப்பதுதான். அள்ளிய மண்ணைத் திரும்ப அதே இடத்தில் வைக்க முடியாது. பிறகு மிஞ்சுவது அந்தத் தாள் ஒன்றுதான்.

எனக்கு உதவிக்குப் போட்டிருப்பது முதல் நாள் பேசிய அதே அம்மாள். பாவாத்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவர். வீட்டில் மூன்று மாடும் ஒரு கன்றும் வைத்திருக்கிறார். காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டுத்தான் குழிக்கு வருகிறார்.

ஆணி சரியாக அடிக்கவில்லை. நூல் நடுவில் வளைந்திருந்தது. கழற்றிக் கட்டச் சொன்னேன். மறுபடியும் வளைவு. மூன்றாவது முறை கட்டியும் அப்படியே. கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். பாவாத்தாள் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்க சாருங்க" என்று நான்காவது முறையும் கட்டினார்.

பிப்ரவரி 11

மேகமூட்டம். குழிக்குள் வெளிச்சம் போதவில்லை.

பிப்ரவரி 12

நல்ல வெயில். நிழலும் வெயிலும் கலந்து விழுவதால் வெளிச்சம் சரியில்லை.

அளவு நாடாவைப் பாவாத்தாளே உரக்கப் படிக்கிறார். "நாப்பத்தி ரெண்டுங்க, நாப்பத்தி மூணரைங்க." நான் படிக்கச் சொல்லவில்லை. அதிகப்பிரசங்கித்தனம்தான். வேலை வேகமாக நடப்பதால் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மதில் கிடைத்துவிட்டது.

காலை பத்து மணிக்கு ஒரு கல் வரிசை, பதினொன்றுக்கு அதற்கு எதிரே இன்னொரு வரிசை. இரண்டுக்கும் நடுவே நான்கு மீட்டர் அகலத்துக்கு இறுக்கி மிதித்த களிமண். வெளிப்பக்கம் ஓர் அகழி இருந்து தூர்ந்திருக்கிறது. அடியில் கிடைத்த பானை ஓடுகளைப் பார்த்தால் இரண்டாயிரத்து எண்ணூறு வருடம் இருக்கலாம் என்கிறார் மேடம். எழுத்து வருவதற்கு முந்தைய காலம். ஊர் பேர் தெரியாது, ஆட்கள் பேர் தெரியாது. ஆனால் இத்தனை மண்ணைச் சுமந்து வந்து மிதித்திருக்கிறார்கள். எதற்கோ பயந்திருக்கிறார்கள், அல்லது எதையோ காப்பாற்ற நினைத்திருக்கிறார்கள்.

மாலையில் மதிலின் வெளிப்புறம் இரும்பு அம்பு முனை ஒன்று. கட்டைவிரல் நீளம். மேடம் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிப்ரவரி 20

மதிலின் வெட்டுமுகத்தை வரைந்து முடித்தேன். மூன்று நாள் வேலை.

முக்கியமானது கறுப்பு மண். மதிலின் உச்சி மேல் கறுப்பு படிந்திருக்கிறது. உள்பக்கம் தரையிலும் கறுப்பு, இரண்டடி கனத்துக்கு. இரண்டையும் ஒரே அடுக்காகச் சேர்த்து வரைந்தேன். தீப்பிடித்துச் சரிந்தால் இப்படித்தான் இருக்கும்.

நான் கோடு போடும்போது பாவாத்தாள், "சாருங்க, மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் ஒண்ணுங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான்."

"நடுவால செகப்பா ஓடுதுங்களே."

"அது நிழல்" என்றேன். முப்பத்தொரு வருடம் வரைந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது. அவர் அடுத்த அளவைப் படித்தார்.

பிப்ரவரி 24

வீட்டிலிருந்து சௌந்தரம் போன் செய்தாள். சாப்பாடு எப்படி, சர்க்கரை மாத்திரை வேளைக்குப் போடுகிறீர்களா, காலை மாத்திரையையும் ராத்திரி மாத்திரையையும் தனித்தனி டப்பாவில் வைத்தேனே, மாற்றவில்லையே என்று வழக்கமான கேள்விகள். கடைசியில், "கண்ணாடி மாத்தி நாலு வருஷம் ஆச்சுங்க. அங்க பக்கத்துல யாராவது கண் டாக்டர் இருந்தா ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்" என்றாள்.

வேலை மும்முரம் என்று சொன்னேன்.

"சரி" என்றாள். சௌந்தரம் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்கிறவள் இல்லை.

மார்ச் 4

மேடம் என் வரைபடத்தைச் சுருட்டாமல் அப்படியே மேசை மேல் விரித்து, நாலு மூலையிலும் ஓடு வைத்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். மதில் மேல் மரவேலி இருந்திருக்க வேண்டும், பகைவர்கள் அதற்குத் தீ வைத்திருக்கிறார்கள், அம்பு முனை அதற்குச் சாட்சி. இந்தப் பகுதியிலேயே இவ்வளவு பழைய போர்த் தடயம் இதுவரை வந்ததில்லை. மார்ச் இருபதாம் தேதி பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடப் போகிறார்கள். மேலிடத்துக்கு முதல் அறிக்கை போய்விட்டது. அடுத்த வருடம் இங்கே தோண்ட அனுமதி கிடைப்பதும் கிடைக்காததும் இதை வைத்துத்தான்.

"எல்லாத்துக்கும் உங்க வரைபடம்தான் சார் ஆதாரம்" என்றார். பிறகு, பதினெட்டாம் தேதி அந்த வெட்டுமுகத்தை இடித்துக் குழியை உள்பக்கம் அகலப்படுத்தலாம், வரைந்தாயிற்றே என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

தாராபுரம் போய் வந்தேன். கண்ணாடி மாற்றலாம் என்று.

டாக்டர் சின்ன வயதுப் பெண். ஒரு கட்டம் போட்ட அட்டையைக் கொடுத்தார். நம் கிராஃப் தாள் மாதிரியே இருந்தது, நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பாருங்கள், கோடெல்லாம் நேராக இருக்கிறதா என்று கேட்டார். அச்சு சரியில்லை, நடுவில் கோடு வளைந்திருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. அட்டையை வாங்கித் தன் கண்ணுக்கு நேரே ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

கண்ணாடியால் பயன் இல்லையாம். சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது. கோயம்புத்தூர் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. நிறம் மங்கித் தெரிகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் தேங்காய் பன் வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டிருக்கக் கூடாது.

மார்ச் 12, புதன்

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேலே ஏறிப் போனபின் நான் மதில் குழிக்குள் இறங்கினேன். பாவாத்தாள் பின்னாலேயே வந்தார்.

"சாருங்க, கோவிச்சுக்காம ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"கையக் குடுங்க."

கொடுத்தேன். அவர் என் விரலைப் பிடித்து மதிலின் உச்சியில் இருந்த கறுப்பின் மேல் வைத்தார். மெதுவாக இருந்தது. நார் நாராக, விரலில் ஒட்டியது. "இது தழை மக்கின மண்ணுங்க. எங்க காட்டுலயும் வேலியோரம் இப்பிடித்தான் இருக்கும்." பிறகு விரலை உள்பக்கச் சரிவில் கீழே இறக்கினார். ஒரு சாண் அளவுக்கு மொரமொரப்பான, மணல் கலந்த மண். "இதானுங்க நான் சொன்ன செகப்பு." இன்னும் கீழே. இங்கே மண் மெல்லிய தகடு தகடாக இருந்தது. நகத்தால் நெருடினால் அப்பளம் மாதிரி உரிந்தது. நடுநடுவே சாம்பல்.

"இது என்னன்னு உங்களுக்குத் தெரியலீங்களா?" என்றார். கேலியாக இல்லை. "சாணமுங்க. மாடு மிதிச்சு மிதிச்சு காஞ்ச சாணம். பொறந்ததுலிருந்து இதுல நிக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா? ஈயும் உண்ணியும் தாங்காதப்ப நாங்களும் இப்பிடித்தான் கொளுத்தி உடுவோம். இது ஊரு எரிஞ்ச சாம்பல் இல்லீங்க. கட்டுத்தரைச் சாம்பல்."

நான் விரலை மறுபடி மேலே கொண்டுபோய்ச் செம்மண்ணைத் தொட்டேன். அது நிழல் இல்லை. மழையில் மதில் கரைந்து வழிந்த மண். ஒரு சாண் மண் கரைந்து படிய நூறு வருடமாவது ஆகியிருக்கும். மாட்டுப்பட்டி எரிந்ததற்கும் மதில் மேல் தழை மக்கியதற்கும் நடுவே அத்தனை வருடம் இருக்கிறது. நான் ஒரே கோட்டில் இரண்டையும் சேர்த்துவிட்டேன்.

யாரும் இந்த மதிலுக்குத் தீ வைக்கவில்லை.

"எப்போலிருந்து தெரியும்?" என்று கேட்டேன். மண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்கும் அது புரிந்தது.

"நூல நாலு தடவ கட்டச் சொன்னீங்கள்ல, அன்னைக்கேங்க" என்றார். "நூலு நேராத்தானுங்க இருந்துச்சு."

மார்ச் 13

சொல்லவில்லை.

மார்ச் 14

இன்றும் சொல்லவில்லை. மேடம் வாசலில் கட்டப்போகிற பேனரின் மாதிரியைக் காட்டினார். என் வரைபடம் ஆறடி அகலத்தில். "நல்லா வந்திருக்கா சார்?" என்று கேட்டார். நல்லா வந்திருக்கு என்றேன். எனக்கு அது ஒரு பழுப்புத் திட்டாகத்தான் தெரிந்தது.

இதற்கு முன் நான் வரைந்தவை எத்தனை? போன வருடம் வரைந்தது சரியா? அதற்கு முந்தைய வருடம்? அந்தக் குழிகளையெல்லாம் மூடியாகிவிட்டது.

மார்ச் 15, சனி

வேலை முடிந்து கூடத்துக்கு வந்தால் வேப்பமரத்தடியில் யாரோ ஒரு பெண்மணி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவாத்தாளின் உறவாக இருக்கும் என்று கடந்து போகப் பார்த்தேன்.

"இங்கயும் அப்படித்தானா?" என்றது அந்தக் குரல்.

சௌந்தரம். சிதம்பரத்திலிருந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்பி மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். முப்பத்துமூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் தோண்டுகிற இடத்துக்கு அவள் வந்தது இதுவே முதல் தடவை.

டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "பொங்கலுக்கு மறுநாள் கீழ வீதியில நான் காய் வாங்கிட்டு வந்துகிட்டிருந்தேன். நீங்க எதிர்ல வந்தீங்க. என்னைப் பார்த்துட்டு, யாரோ பொம்பளைன்னு ஒதுங்கி நின்னு வழி விட்டீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க எனக்கு வழி விட்டதில்லைங்க. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

"ஏன் சொல்லலை?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ரெண்டு மாசம் ஆயிடுச்சு. அதான் பஸ் ஏறிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரின் அட்டை, கறுப்பு மண், பேனர், செவ்வாய்க்கிழமை இடிக்கப்போகிற வெட்டுமுகம். முடித்தபின், "இடிக்கறதுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

வேலைக்கு விடுமுறை. நாங்கள் இருவரும் பாவாத்தாளும் மட்டும் குழிக்குள் இறங்கினோம்.

பாவாத்தாள் கரண்டியால் வெட்டுமுகத்தைச் சீவிச் சுத்தம் செய்தார். நூல் கட்டினார். நான் விரலை வைத்த இடத்தில் சௌந்தரம் நிறம் சொன்னாள். நிறத்துக்கொரு எண் போட்ட மண் நிற அட்டையைக் கொடுத்தேன், அந்த எண்ணெல்லாம் தனக்கு வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது பழைய புளி. இங்கேர்ந்து நிறம் மாறுது, கேழ்வரகு மாவு மாதிரி, இல்ல, கொஞ்சம் சிவப்பு கூட. இது கருப்பட்டி. இதுக்கு நடுவுல சாம்பல் வருது பாருங்க, விபூதி மாதிரி இல்ல, அடுப்புச் சாம்பல்."

அவள் சொல்லச் சொல்ல, பாவாத்தாள் அளவைப் படிக்க, நான் எண்களை எழுதினேன். எங்கே இருவரும் வேறுவேறு சொன்னார்களோ அங்கே நான் தொட்டுப் பார்த்தேன். தொட்டால் தெரிகிறது. இத்தனை வருடம் நான் மண்ணைப் பார்த்திருக்கிறேனே தவிர இவ்வளவு தொட்டதில்லை.

ஒரு மணிக்கு முடிந்தது. முதல் வரைபடத்தில் நான்கு அடுக்கு, இதில் ஒன்பது. கோடுகள் நடுங்கியிருந்தன. பாவாத்தாள் வீட்டுக்குப் போய் மோர் கொண்டுவந்தார். "அம்மிணி, நீங்க மொதல்லயே வந்திருந்தா சாருக்கு இத்தன வெசனம் இல்லீங்க" என்றார் சௌந்தரத்திடம்.

"நான் வந்திருந்தா ஒத்துக்கவே மாட்டார், பாவாத்தாக்கா" என்றாள் சௌந்தரம்.

என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறார்கள்.

மார்ச் 17, திங்கள்

எட்டு மணிக்கு மேடத்தின் அறைக்குப் போனேன். இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எந்தக் கோடு தப்பு என்று சொன்னேன். ஏன் தப்பு என்றும் சொன்னேன்.

அவர் இரண்டு தாளிலும் ஒரே இடத்தில் விரலை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"கண்ணு எப்போலேர்ந்து சார்?"

"போன வருஷக் கடைசியிலிருந்து இருக்கலாம். சரியாத் தெரியலை."

"போன புதன்கிழமையே தப்புன்னு தெரிஞ்சிருக்கு. நேத்து வரைக்கும் என்கிட்ட சொல்லலை. வெள்ளிக்கிழமை பேனரைக் காட்டி நல்லா இருக்கான்னு கேட்டேன்."

"ஆமா மேடம்."

"நாளைக்கு இடிச்சிருந்தா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நான் இதைக் கண்ணை மூடிட்டு நம்பினேன் சார். கீழ இறங்கி நான் ஒரு தடவை பார்த்திருக்கணும். எனக்குப் போர் வேணும்னு இருந்துச்சு, நீங்க குடுத்தீங்க, வாங்கிக்கிட்டேன்." எழுந்து நின்றார். "இனிமே நீங்க வரைய வேண்டாம்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மேடம் தனியாகக் குழிக்குள் இறங்கினார். பதினொரு மணிக்குத்தான் மேலே வந்தார். முழங்காலிலும் முழங்கையிலும் மண். பாவாத்தாளைக் கூப்பிட்டு மறுபடி உள்ளே போனார்.

மார்ச் 18

பத்திரிகைக் கூட்டம் ரத்து. மேலிடத்துக்குத் திருத்திய அறிக்கை போகிறது. அடுத்த வருட அனுமதி பற்றி யாரும் பேசவில்லை. வெட்டுமுகம் இடிபடவில்லை. அதற்கு எட்டடி தள்ளி, மதிலின் உள்பக்கம், சாணப் படிவத்தின் மேல் புதுக் குழி போட்டிருக்கிறார்கள்.

எனக்குப் பானை ஓடு கழுவுகிற வேலை. சௌந்தரமும் பக்கத்தில் உட்கார்ந்து கழுவுகிறாள். என்னைவிட நன்றாகக் கழுவுகிறாள்.

மார்ச் 24, திங்கள்

சாணப் படிவத்துக்கு அடியில் சுட்ட களிமண் தரை. மேலே சாணம் எரிந்த சூட்டில் அடியில் இருந்த ஈர மண் வெந்து, செங்கல்லாக இறுகியிருக்கிறது. மேடம் தூரிகையால் தூசியைத் தள்ளத் தள்ளச் சின்னச் சின்னப் பள்ளங்கள். எலி வளை என்று முதலில் நினைத்திருக்கிறார்.

பாவாத்தாள் எட்டிப் பார்த்துவிட்டு, "குளம்புங்க" என்றாராம்.

மாட்டுக் குளம்படிகள். சாயங்காலத்துக்குள் நூற்றுப்பத்து எண்ணிவிட்டார்கள். எல்லாம் மதிலின் ஒரு திறப்பு வழியாக உள்ளே வந்தவை. மாட்டை அடைக்க இத்தனை பெரிய மதில் கட்டியிருக்கிறார்கள். சிறுத்தைக்குப் பயந்திருக்கலாம், மாடு கவர வந்தவர்களுக்குப் பயந்திருக்கலாம். அந்த அம்பு முனை எதன் மேல் எய்தது என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர்களுக்கு இருந்ததெல்லாம் அந்த மாடுகள்தான். அதைச் சுற்றித்தான் மதில்.

மார்ச் 25

மேடம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். எட்டு நாளாக என்னிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசாதவர். குழி விளிம்பில் நின்றேன்.

"திறப்புக்குப் பக்கத்துல மனுஷக் காலடி இருக்கு, சார். ரெண்டு. இறங்கி வாங்க."

இறங்கினேன். சௌந்தரம் கையைப் பிடித்து இறக்கினாள். எனக்குத் தரை முழுவதும் ஒரே பழுப்பாகத் தெரிந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இல்லை. "தெரியலை மேடம்" என்றேன்.

"தொட்டுப் பாருங்க" என்றார் அவர்.

முப்பத்தொரு வருடத்தில் இப்படிப்பட்ட ஒன்றை யாரும் தொட விட்டதில்லை, நானே யாரையும் விட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டேன். மேடம் என் கையைக் கொண்டுபோய் வைத்தார்.

சின்னப் பாதம். என் கையைவிடக் கொஞ்சம்தான் நீளம். விரல் பதிந்த குழிகள் ஐந்தும் மேலோட்டமாக இருந்தன. குதிகால் மட்டும் என் சுண்டுவிரல் முழுக்கப் போகிற ஆழம். அதற்கு எதிரே ஒரு முழ தூரத்தில் நான்கு சின்னக் குளம்படிகள், முன்னங்கால் இரண்டும் சேற்றில் நீளமாகச் சறுக்கியிருந்தன.

"ஏன் குதிகால் மட்டும் இவ்வளவு ஆழம்? மேடா இருந்திருக்குமா?" என்றார் மேடம்.

பாவாத்தாள் மேலேயிருந்து சொன்னார். "கன்னுக்குட்டி உள்ள வரமாட்டேன்னு அடம் புடிச்சிருக்குதுங்க. இவ பின்னால சாஞ்சு, குதிகால ஊனிக் கயித்த இழுத்திருக்கறா. நானும் தெனம் பொழுதோட அப்பிடித்தானுங்க இழுக்கறேன்."

நான் கையை எடுக்கவில்லை. ஒரு மழை நாள், பொழுது சாயப் போகிறது, மாடெல்லாம் உள்ளே வந்தாயிற்று, ஒரு கன்று மட்டும் வெளியே நிற்கிறது. அதை விட்டுவிட்டு வர அவளுக்கு மனமில்லை.

கண்ணில் தூசி விழுந்துவிட்டது. மேலே வந்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

இதை எழுதுவது சௌந்தரம். நேற்று கோயம்புத்தூரில் இவருக்கு இரண்டு கண்ணிலும் ஊசி போட்டார்கள். கொஞ்ச நாளைக்குக் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று நான் நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் சொல்வதை எழுதுகிறேன்.

ஊசி வலிக்கவில்லை என்று எழுதச் சொல்கிறார். என் விரலை ஒடித்துவிடுகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார்.

இனிமேல் மோசமாகாமல் நிறுத்தலாம், போனதில் கொஞ்சம் திரும்பலாம், முழுசாகத் திரும்பாது என்றார் டாக்டர். மாதம் ஒரு ஊசி.

சென்ற வாரம் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார், படித்தேன். கண்ணில் தூசி என்று எழுதியிருக்கிறார். தூசியெல்லாம் இல்லை.

ஏப்ரல் 6

பத்திரிகையில் வந்துவிட்டது. ஏழாம் பக்கத்தில் நாலு வரி, பழங்கால மாட்டுப்பட்டி கண்டுபிடிப்பு என்று. போர் என்றிருந்தால் முதல் பக்கத்தில் வந்திருக்கும் என்கிறார் இவர். ஆனால் சுற்று வட்டாரத்திலிருந்து டிராக்டரில் ஜனங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பாவாத்தாக்காதான் குழி விளிம்பில் நின்று விளக்கம் சொல்கிறார். ஒரு பெரியவர் காலடியைப் பார்த்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், கோயிலில் கட்டுகிற மாதிரி.

மேடம் வெட்டுமுகத்தைத் தானே புதிதாக வரைந்து முடித்திருக்கிறார். என்னையும் அக்காவையும் நிறத்தைச் சரிபார்க்கச் சொன்னார். இவருக்கும் ஒரு பிரதி கொடுத்து, "அடுக்கு விட்டுப்போயிருந்தா சொல்லுங்க சார்" என்றார். நான் படித்துச் சொல்ல, இவர் இரண்டு நாள் யோசித்து ஒரு திருத்தம் சொன்னார். மேடம் அதைப் போட்டுக்கொண்டார். போன வருடம் வரைந்ததை எல்லாம் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறார், இருக்கிற ஓடுகளோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று. அது முடிய ஜூன் வரை ஆகும். இவர் ஒத்துக்கொண்டார். அடுத்த வருடம் தோண்ட அனுமதி உண்டா என்று இன்னும் தெரியவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

அவர் சொன்னது: இன்று குழி மூடப்பட்டது. சுட்ட தரை மேல் துணி விரித்து, ஒரு சாண் சலித்த மணல் போட்டு, அதன் மேல் பழைய மண் போடப்பட்டது. காலடிகள் உள்ளேயே பத்திரமாக இருக்கின்றன. பணி நிறைவு.

அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றார். மீதியை நான் எழுதுகிறேன்.

மணல் போடும்போது யந்திரம் வேண்டாம், கையாலேயே போடலாம் என்றார் மேடம். கூடை கூடையாகப் போட்டோம். பாவாத்தாக்கா காலடி இருந்த இடத்தில் மட்டும் யாரையும் விடாமல் தானே இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டார். பிறகு பொழுது சாய்கிறது, மாட்டைப் பிடித்துக் கட்டணும் என்று வேகமாகப் போய்விட்டார். எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு தூக்குப் பாத்திரத்தில் பாலோடு திரும்பி வந்தார், பஸ்ஸில் சிந்திவிடும் என்று நாங்கள் சொல்லியும் கேட்கவில்லை. அங்கேயே நின்று ஆளுக்குப் பாதியாகக் குடித்தோம். "ஊசிக்குக் கோயமுத்தூரு வர்றப்ப ஒரெட்டு இங்க வந்துட்டுப் போங்க" என்றார். இவர் கைகூப்பினார். அக்காவுக்குப் புரிந்திருக்கும்.

பஸ்ஸுக்கு வண்டித்தடத்தில் நடந்தோம். மேடும் பள்ளமுமான தடம். நான் வழக்கம்போல இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தேன், தடுமாறினால் பிடிக்கலாம் என்று. அவர் நின்று, திரும்பி, கையை நீட்டினார். பக்கத்தில் போய்ப் பிடித்துக்கொண்டேன். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் சைக்கிளில் போனார்கள். பார்க்கிறார்கள் என்றேன். பார்க்கட்டும் என்றார்.

இதை எழுதாதே என்றார். எழுதிவிட்டேன்.